படுத்திருக்கும் நாளிலும் நடக்கிற குழு

கேள்வி: எனக்கு 39 வயது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு மேலாக லூபஸ் நோய், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய். இப்போது சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டது. 2020 ஊரடங்கின்போது மாத்திரை கிடைக்காமல் தவித்த ஏழு பெண்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். இன்று அதில் 412 பேர் இருக்கிறார்கள். அட்மின் நான் ஒருத்திதான். நள்ளிரவு தாண்டியும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சமீபத்தில் மூன்று அடிகள் விழுந்தன. ஒரு பெண்ணின் அறுவை சிகிச்சைக்கு என்று 61,000 ரூபாய் திரட்டிக் கொடுத்தோம். அப்படி ஒரு நோயாளியே இல்லை என்று பிறகு தெரிந்தது. கணவர் அடிக்கிறார், மாத்திரையைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார் என்று ஒரு பெண் குழுவில் எழுதினாள். உறுப்பினர் ஒருவர் நல்லது செய்வதாக நினைத்துக் கணவரையே அழைத்துப் புத்தி சொன்னார். அன்றிரவு அணைந்த அவள் போன் இன்னும் திறக்கவில்லை. போன மாதம் ஒரு தோழி இறந்துவிட்டாள். அவள் அனுப்பிய கடைசிக் குரல் பதிவைக் கேட்காமல் அன்று நான் தூங்கிவிட்டேன், இன்றுவரை கேட்கவில்லை. எனக்கான மருத்துவமனைப் பரிசோதனையை இரண்டு முறை தவறவிட்டேன். சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் மாதந்தோறும் பணம் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கவும் பயம், மறுக்கவும் மனமில்லை. குழுவைக் கலைத்துவிடலாமா? கலைத்தால் இத்தனை பேரும் எங்கே போவார்கள்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தப் பெண்ணின் விஷயம். குழுவைப் பற்றிப் பிறகு பேசலாம். அவர் போன் அணைந்து எத்தனை நாள் ஆகியிருந்தாலும் சரி, இதைப் படித்தவுடன் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இரவிலும் எடுப்பார்கள். அவருடைய பெயர், மாவட்டம், தெரிந்தால் ஊர், குழுவில் அவர் எழுதியது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் லூபஸ் நோயாளி என்பதையும், ஸ்டீராய்டு எடுப்பவராக இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். நீண்ட நாள் பிரட்னிசோலோன் எடுத்தவருக்கு அது ஒரேயடியாக நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து வரலாம். மாத்திரையைப் பிடுங்கி வைப்பதைக் குடும்பச் சண்டையின் ஒரு பகுதியாக நினைத்துக் கேட்பவர் கடந்துவிடக் கூடாது. உடல்நலத்துக்கு ஆபத்து விளைவிப்பதும் குடும்ப வன்முறைதான் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவு உங்களுக்கும் உதவும். வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும், உறவினராக இல்லாவிட்டாலும், பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்த தகவலுக்காக உங்கள் மீது வழக்கு வராது. பாதுகாப்பு அலுவலரை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கென அரசு நடத்தும் ஒருங்கிணைந்த சேவை மையம் வழியாகவும் அணுகலாம். குழுவிலிருந்து வேறு யாரும் அந்தக் கணவரை அழைக்க வேண்டாம். அவளுடைய எண்ணுக்கு ‘எப்படி இருக்கிறாய்’ என்று செய்தி அனுப்பவும் வேண்டாம். அந்தப் போன் இப்போது யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

அடுத்தது அந்தக் குரல் பதிவு. அதைத் தனியாக உட்கார்ந்து கேட்காதீர்கள். உங்கள் ஏழு பேரில் ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லி, பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கேட்கவே வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் சரி. இறந்தவரின் குரலைக் கேட்டே தீர வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. இருபத்து நான்கு ஆண்டுகள் மருத்துவமனைகளில் சமூகப் பணியாளராக இருந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: லூபஸ் உள்ள ஒருவர் இரவில் தூங்குவது அவருடைய சிகிச்சையின் ஒரு பகுதி. நீங்கள் அன்று செய்தது சிகிச்சை. அதைத் துரோகம் என்று பெயரிட்டு ஒரு மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

இனி குழு. கலைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் இப்போது இருக்கிற வடிவில் அது இன்னும் ஓர் ஆண்டு தாங்காது. அதற்கு முன்பே உங்களைப் படுக்கவைத்துவிடும்.

2020 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். உங்கள் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையைக் கொரோனாவுக்கு மருந்து என்று உலகமே பேசத் தொடங்கிய வாரம் அது. மார்ச் 23 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பணிக்குழு சுகாதாரப் பணியாளர்களுக்கு அதை முன்தடுப்பாகப் பரிந்துரைத்தது. 25 அன்று ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 26 அன்று மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதி இறுகியது. அதற்குள் பல கடைகளில் அட்டைகள் தீர்ந்திருந்தன. தேவையே இல்லாதவர்கள் வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார்கள். அதை நம்பியே எழுந்து நடமாடுகிற பெண்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அப்போது நீங்கள் ஏழு பேரும் என்ன செய்தீர்கள்? என் ஊகத்தைச் சொல்கிறேன். ஆளுக்கு ஓர் ஊர் என்று எடுத்துக்கொண்டு மருந்துக் கடைகளுக்குப் போன் செய்திருப்பீர்கள். எங்கே இரண்டு அட்டை இருக்கிறது என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி அதை வாங்கி மூன்றாமவளுக்குச் சேர்த்திருப்பாள். அந்த ஏழு பேரில் தலைவி என்று யாரும் இருந்திருக்க மாட்டார்கள். கேட்டவளே மறுநாள் கொடுத்தவளாகவும் இருந்திருப்பாள்.

இன்று 411 பேர் கேட்கிறார்கள், ஒருத்தி கொடுக்கிறாள். குழு வளர்ந்திருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கோ அது தலைகீழாகத் திரும்பியிருப்பதாகத் தெரிகிறது. பரஸ்பர உதவியாகத் தொடங்கியது, சம்பளமில்லாத ஒரு நோயாளி நடத்துகிற உதவி மையமாகிவிட்டது.

கைமாற்றும் பதில் உதவியும் நமக்குப் புதிதல்ல. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைப்பார்கள். யார் எவ்வளவு செய்தார் என்பது நோட்டில் ஏறும். அவர் வீட்டு முறை வரும்போது திரும்பச் செய்ய வேண்டும். அந்த ஒழுங்கில் ஒரு கௌரவம் இருக்கிறது, வாங்குகிறவர் தலைகுனிய வேண்டியதில்லை. நோயாளிகளின் குழுவுக்கு அந்தக் கௌரவம் வேண்டும். அந்த நோட்டு வேண்டாம். சிறுநீரகம் பழுதானவளும் மூட்டு வீங்கியவளும் ஒரே அளவில் திருப்பிச் செய்ய முடியாது. சிலர் சாகும்வரை வாங்கிக்கொண்டே இருப்பார்கள். அது அவர்கள் குற்றமில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் கொடுப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்பதைக் குழு கண்டுபிடித்துத் தர வேண்டும். அதைச் செய்யாததால்தான் பாரம் முழுவதும் உங்கள் தலையில் வந்து விழுந்தது.

எனவே முதல் வேலையாக, ஒவ்வோர் உறுப்பினரிடமும் இரண்டு வரி கேளுங்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் என்னால் முடிந்தது என்ன? படுத்திருக்கும் நாளிலும் முடிந்தது என்ன? முதல் வரிக்கு மருத்துவமனைக்குத் துணை போவது, சமைத்து அனுப்புவது, ரத்தம் தரக்கூடிய உறவினரை அழைத்து வருவது என்று எழுதுவார்கள். இரண்டாவது வரியில்தான் உங்கள் குழுவின் உயிர் இருக்கிறது. படுத்துக்கொண்டே நான்கு மருந்துக் கடைகளுக்குப் போன் செய்யலாம். காலை ஏழு மணிக்கு இன்னொருத்தியை அழைத்து ‘மாத்திரை போட்டாயா’ என்று கேட்கலாம். ஊசிக்குப் பயப்படுகிறவளோடு ஊசி போடும் நேரத்தில் பேசிக்கொண்டிருக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கியவள், அதற்கு வருமானச் சான்றிதழ் எப்படி வாங்கினாள், ஆட்சியர் அலுவலகத்தில் எங்கே போய் நின்றாள் என்று புதியவளுக்குச் சொல்லலாம். இந்த வழிகாட்டலுக்காக ஒரு வாரம் அலைந்து திரும்பிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதை மூன்று நிமிடத்தில் சொல்லத் தெரிந்த ஒரு நோயாளி, என்னைப் போன்ற பணியாளர் ஒருவருக்குச் சமம்.

இரண்டாவது வேலை, குழுவை உடைப்பது. உடைப்பது என்ற சொல்லுக்குப் பயப்படாதீர்கள். எட்டு அல்லது பத்துப் பேர் கொண்ட சிறு வட்டங்களாக, பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒன்றாக இருக்கும்படி பிரியுங்கள். வத்தலக்குண்டிலும் நிலக்கோட்டையிலும் இருப்பவர்கள் ஒரு வட்டம் என்றால், ஒருத்தி மயங்கி விழுந்தால் இன்னொருத்தி பஸ் ஏறிப் போய்ப் பார்க்க முடியும். 412 பேர் கொண்ட குழுவில் ஒருத்தி மூன்று நாள் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. எட்டுப் பேரில் ஒருத்தி பேசவில்லை என்றால் மறுநாளே தெரிந்துவிடும்.

பெரிய குழு அறிவிப்புக்கு மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் ‘கம்யூனிட்டி’ என்று ஒரு வசதி உண்டு. அதன் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது, அட்மினுக்கு மட்டுமே தெரியும். சாதாரணக் குழுவிலோ உங்கள் 412 பேரின் எண்ணும் 412 பேருக்கும் தெரிகிறது. அந்தக் கணவரின் எண் எப்படியோ ஓர் உறுப்பினர் கைக்குப் போனதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள்.

கேரளத்தில் இதைவிடக் கடினமான ஒன்றைச் சாதித்திருக்கிறார்கள். 1993-இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சிகிச்சைக்காக ஒரு சங்கம் தொடங்கியது. பிறகு மலப்புறம் பகுதியில் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று, நெடுநாள் நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வலையமைப்பு உருவானது. அவர்கள் ஒரு தன்னார்வலரிடம் கேட்டது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரம் என்று கேட்டதால்தான் ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள், ஆண்டுக்கணக்கில் நீடித்தார்கள் என்று நான் நம்புகிறேன். 2008-இல் கேரள அரசே இதற்கென ஒரு கொள்கையை அறிவிக்கும் அளவுக்கு அது வேரூன்றியது. உங்கள் வட்டங்களில் யாரிடமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கேட்காதீர்கள். உங்களிடமும்தான்.

அட்மினாக மூன்று பேர் இருக்கட்டும். ஒருவராவது நோயாளியாக இல்லாமல், நோயாளியைப் பார்த்துக்கொள்கிற அக்காவாகவோ கணவராகவோ மகளாகவோ இருப்பது நல்லது. லூபஸ் பருவம் பார்த்து வருவதில்லை. வெயிலில் ஒரு நாள் அலைந்தாலே மூவரில் இருவர் படுத்துவிடக்கூடும். ஒரு மாதம் ஒருவர் பொறுப்பு, அடுத்த இரண்டு மாதம் அவருக்கு ஓய்வு. ஓய்வில் இருப்பவரை யாரும் தனிச்செய்தியில் அழைக்கக் கூடாது என்பதை விதியாக எழுதிப் போடுங்கள். இந்த விதியை முதலில் மீறப்போகிறவர் நீங்கள்தான் என்று நினைக்கிறேன், அதனால் உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

உதவி கேட்கும் முறையையும் கொஞ்சம் ஒழுங்குபடுத்துங்கள். 2021 மே மாதம் ஆக்சிஜன் படுக்கை தேடிய நாட்களில், உதவ நினைத்தவர்களை மிகவும் தளரவைத்தவை பழைய செய்திகள். நோயாளி இறந்து இரண்டு நாள் கழித்தும் ‘அவசரம், உடனே வேண்டும்’ என்ற வரி சுற்றிக்கொண்டே இருக்கும். அழைத்தால் அழுகுரல் கேட்கும். ஆகவே கேட்கிறவர் என்ன வேண்டும், எந்த ஊர், எந்த நாளுக்குள், தன்னோடு எந்த நேரத்தில் பேசலாம் என்று நான்கையும் தேதியோடு எழுதட்டும். கிடைத்ததும் ‘முடிந்தது’ என்று அவரே போடட்டும். எழுத்தா, குரலா என்ற சண்டை உங்கள் குழுவிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். விரல் மூட்டு வீங்கியவளால் தட்டச்சு செய்ய முடியாது. மாமியார் பக்கத்தில் இருக்கும் வீட்டில் குரல் பதிவைப் போட்டுக் கேட்க முடியாது. இரண்டுக்கும் இடம் கொடுங்கள். குரலில் வந்ததை ஒரே வரியில் எழுதிப் போடுவதையே ஒருவர் வேலையாக எடுத்துக்கொள்ளலாம். படுத்திருக்கும் நாளுக்கு ஏற்ற வேலை அது.

பணத்தைப் பற்றி. இழந்த 61,000 ரூபாய்க்காக 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தாமதமாகிவிட்டது என்று விடாதீர்கள். அதே கணக்கு எண் இன்னொரு குழுவிலும் உலவிக்கொண்டிருக்கலாம். இனிமேல் தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்புவதில்லை என்று முடிவெடுங்கள். நோயாளியின் உள்நோயாளி எண்ணை வாங்கி, வட்டத்தில் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, மருத்துவமனைப் பில் கவுன்ட்டரிலோ மருந்துக் கடையிலோ நேரடியாகக் கட்டுங்கள். நேரில் போக ஆளில்லாத ஊர் என்றால், இரண்டு பேர் தனித்தனியாக அந்த மருத்துவமனை எண்ணை அழைத்து உறுதிசெய்த பிறகே பணம் போக வேண்டும். ‘சந்தேகப்படுகிறீர்களா’ என்று யாராவது வருத்தப்பட்டால், விதி எல்லோருக்கும் ஒன்று என்று சொல்லிவிடுங்கள். உண்மையான நோயாளிக்கு இந்த விசாரணை அரை நாள் தாமதம். மோசடிக்காரரோ பெரும்பாலும் இந்த அரை நாளைத் தாங்காமல் மறைந்துவிடுவார். உங்கள் சொந்தக் கணக்கில் குழுப் பணத்தை ஒரு நாள்கூட வைக்காதீர்கள். பொதுநிதி தேவை என்ற நிலை வந்தால் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவுசெய்து, அதன் பெயரில் கணக்கு தொடங்குங்கள்.

சிங்கப்பூர் அன்பருக்கு நன்றி சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: அவர் இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்க்கிறாரா, அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டாரா? இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அங்கே குடியுரிமை பெற்றவர் தருவது, அவர் தமிழராகவே இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். பொதுக் காரியத்துக்காக அனுமதியில்லாமல் அதை வாங்க 2010-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை. எப்படியிருந்தாலும், எதையும் ஏற்கும் முன் ஒரு கணக்குத் தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து நான் எழுத வேண்டியது எனக்கு வலிக்கிற ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, நெடுநாள் நோயாளிகளின் குடும்பங்களுக்காக ஒரு குழு தொடங்கினேன். வசதிக்காகப் பெயர், வயது, நோய், போன் எண் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கிக் குழுவில் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. எல்லோரும் ஒரே நிலையில் இருப்பவர்கள்தானே என்று நினைத்தேன். ஒரு பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பட்டியல் கைமாறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவளுடைய அம்மா என்னிடம் வந்து கோபப்படவில்லை, ‘நீங்கள் படித்தவர்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பயிற்சி பெற்ற நானே செய்த தவறு இது.

நல்ல எண்ணம் உள்ள இடத்தில்தான் தகவல் எளிதாகக் கசிகிறது. 2018-இல் அமெரிக்காவில், மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ள பெண்கள் ஃபேஸ்புக்கில் வைத்திருந்த மூடிய குழுவின் உறுப்பினர் பட்டியலை வெளியார் எடுத்துவிட முடியும் என்று அந்தப் பெண்களில் ஒருவரே கண்டுபிடித்தார். உள்ளே பேசுவது மூடியிருந்தாலும், யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதே ஒரு நோய்த் தகவல். நம் ஊரில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் இதைப் பட்டுப் பட்டுக் கற்றார்கள். இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில்தான். 1998-இல் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த கௌசல்யா என்ற பெண் தமிழ்நாட்டில் தொடங்கிய பாசிட்டிவ் விமன் நெட்வொர்க், கணவரால் தொற்றியவர்கள், கணவரை இழந்தவர்கள், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் என்று நோயையும் வன்முறையையும் சேர்த்தே சுமந்த பெண்களை ஒன்றுசேர்த்தது. இன்று எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. லூபஸுக்கு என்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. எனவே அந்தக் காவலை உங்கள் குழுவே போட்டுக்கொள்ள வேண்டும்.

குழுவின் பெயரில் நோயின் பெயர் வேண்டாம். ஒரு பூவின் பெயரோ ஊரின் பெயரோ போதும். திரையில் செய்தி வந்து விழும்போது பக்கத்தில் இருப்பவர் பார்ப்பது அந்தப் பெயரைத்தான். புதியவர் சேர அட்மின் ஒப்புதல் கட்டாயம் என்று அமைப்பை மாற்றுங்கள். செய்திகள் தாமே மறையும் வசதியையும் போடுங்கள். மருத்துவ அறிக்கையின் படம் பெரிய குழுவில் வரவே கூடாது.

வீட்டில் அடி வாங்குகிறேன் என்று சொல்கிற பெண்ணுக்குத் தனி வழி வேண்டும். பொதுக் குழுவில் அவள் எழுதினால் அனுதாபம் சொல்லி முப்பது பேர் பதில் போடுவார்கள். அதில் ஒன்று போதும், அவளைக் காட்டிக்கொடுக்க. மூன்று அட்மின்களில் ஒருவரை இதற்கென வையுங்கள். அவர் முதலில் கேட்க வேண்டியது ‘இப்போது பேசலாமா, இந்த எண் பாதுகாப்பானதா’ என்பது. அடுத்தது, வாட்ஸ்அப் அமைப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியில் அவளுக்குத் தெரியாத கணினியோ போனோ இருக்கிறதா என்பது. பல கணவர்கள் மனைவியின் செய்திகளை அந்த வழியில்தான் படிக்கிறார்கள். இருந்தால் உடனே துண்டிக்கலாமா என்பதையும் அவளே முடிவு செய்யட்டும்; திடீரென்று துண்டித்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். நோயாளிப் பெண்ணுக்கு மருத்துவமனை நாள் ஒரு திறப்பு. உள்ளே மருத்துவரைப் பார்க்கும் அந்தப் பத்து நிமிடம் பலருக்குக் கணவர் இல்லாத பத்து நிமிடம். மருத்துவரிடமோ செவிலியரிடமோ, இருந்தால் சமூகப் பணியாளரிடமோ அங்கே சொல்லலாம் என்று அவளுக்குச் சொல்லுங்கள். வீட்டைவிட்டு வா என்று யாரும் அவளைத் தள்ளக் கூடாது. அந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையைச் சட்டம் அவளுக்குத் தந்திருக்கிறது. எப்போது கிளம்புவது என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

மருந்து விஷயத்தில் தயவு காட்டாதீர்கள். எங்கே கிடைக்கும் என்று சொல்வது உதவி. மீந்த மாத்திரையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பது ஆபத்து. சிறுநீரகத்துக்காக ஒருத்தி எடுக்கிற மைக்கோபினோலேட், கருவுற்றிருக்கும் இன்னொருத்தியின் கருவுக்குப் பெரும் கேடு செய்யும். அளவை மாற்றச் சொல்லும் உரிமை குழுவில் எவருக்கும் கிடையாது. லூபஸை வேரோடு அறுக்கிறேன், ஆங்கில மருந்தை நிறுத்து என்று விளம்பரம் போடுகிறவரை ஒரே எச்சரிக்கையில் நீக்குங்கள். 1954-ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் லூபஸின் பெயரே இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வது குற்றம். பல பத்தாண்டுகளுக்கு முன்பே அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டிய அளவுக்கு இந்த நோயாளிகள் ஏமாற்றப்பட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரவு ஒன்பது முதல் காலை ஏழு வரை அட்மின்கள் யாரும் விழித்திருக்க மாட்டோம் என்று குழுவின் உச்சியில் எழுதி ஒட்டுங்கள். அதன் கீழே, உயிருக்கு அவசரம் என்றால் 108, மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்று போடுங்கள். பின்னது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். சாக வேண்டும் போலிருக்கிறது என்று யாராவது எழுதினால் குழுவில் பதில் போட்டுக்கொண்டிருக்காமல், அவள் வட்டத்தில் ஒருவர் உடனே அவளுக்குப் போன் செய்யட்டும், இன்னொருவர் அவள் வீட்டில் அவள் நம்புகிறவருக்குப் போன் செய்யட்டும். அந்த நம்பிக்கைக்குரியவர் யார் என்று ஒவ்வொருவரும் வட்டத்தில் முன்பே சொல்லிவைத்திருக்க வேண்டும். கணவர் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் தோழியைப் போல இனியும் சிலர் போவார்கள். அவர்களுடைய எண்ணைக் குழுவிலிருந்து அவசரமாக நீக்கவும் வேண்டாம், மாதக்கணக்கில் விட்டுவைக்கவும் வேண்டாம். அந்தப் போன் பெரும்பாலும் மகன் கைக்கோ மகள் கைக்கோ போகும்; அம்மா நோயைப் பற்றி எழுதியதையெல்லாம் அந்தப் பிள்ளை படிக்கும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஒருவர் அந்த வீட்டுக்குப் பேசி, சொல்லிவிட்டு நீக்கலாம். அதுவரை அவள் பெயர் அங்கே இருக்கட்டும். அவளைப் பற்றி எழுத விரும்புகிறவர்கள் எழுதட்டும். அந்த வாரம் வேறு அறிவிப்பு எதுவும் வேண்டாம்.

இதையெல்லாம் ஒரே வாரத்தில் செய்ய வேண்டியதில்லை. முதல் மாதம் மூன்று அட்மின், இரவு விதி, பண விதி ஆகிய மூன்றும் போதும். வட்டங்களைப் பிரிப்பதைப் புதிய அட்மின்கள் இருவரும் பார்த்துக்கொள்ளட்டும். சிலர் கோபித்துக்கொண்டு வெளியேறுவார்கள். முன்பெல்லாம் இரவு ஒரு மணிக்கும் பதில் வந்ததே என்பார்கள். வரட்டும் அந்தப் பேச்சு.

நீங்கள் இன்று செய்ய வேண்டியது இரண்டு. 181-க்குப் பேசுவது ஒன்று. தவறவிட்ட பரிசோதனைக்குத் தேதி வாங்குவது இன்னொன்று. சிறுநீரில் புரதம் எவ்வளவு போகிறது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எங்கே நிற்கிறது என்று தெரியாமலே நாட்களை ஓட்டியிருக்கிறீர்கள். தேதி கிடைத்ததும் குழுவில் எழுதுங்கள்: ‘இந்த நாளில் எனக்குப் பரிசோதனை இருக்கிறது. துணைக்கு ஒருவர் வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் பஸ் ஏற வேண்டும், தனியாகப் போகத் தெம்பில்லை.’ உங்கள் கடிதம் முழுவதையும் படித்துவிட்டேன். இத்தனை ஆண்டுகளில் நீங்கள் குழுவிடம் எதையும் கேட்டதாக அதில் ஒரு வரிகூட இல்லை. யார் முதலில் ‘நான் வருகிறேன்’ என்று எழுதுகிறாரோ, அட்மின் பொறுப்பை ஏற்க முடியுமா என்று பஸ்ஸில் போகும்போது அவரிடம் கேளுங்கள்.

அன்புடன்,
மருத்துவ சமூகப் பணியாளர்